இலவச சீட்டு 8-ம் வகுப்போடு சரி... 9-ம் வகுப்பில் 'பீஸ்' அதிர்ச்சி! கல்வி உரிமை சட்டத்தில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

திருப்பூர்:-

"எல்.கே.ஜி.யில் இருந்து பத்து வருஷமா பீஸே கேட்கல. இப்ப ஒன்பதாம் வகுப்புக்கு டெர்ம் பீஸ் கட்டுங்கன்னு சொல்றாங்க. இலவச சீட்டுன்னு சொல்லித்தானே சேர்த்தோம்?"

பரீட்சை முடிந்து லீவு விடும் நேரத்தில் தனியார் பள்ளிகளின் ஆபீஸ் வாசலில் கேட்கிற குரல் இது. சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வாழும் பனியன் கம்பெனி தொழிலாளி, ஆட்டோ டிரைவர், கட்டிட வேலைக்கு போகிறவர், வீட்டு வேலை செய்கிற அம்மா என்று இந்த கேள்வி கேட்காதவர்கள் குறைவு.

பள்ளிக்கூடம் ஏமாற்றிவிட்டதா என்றால், இந்த விஷயத்தில் இல்லை. சட்டமே அங்கேதான் நிற்கிறது. 25 சதவீத இட ஒதுக்கீட்டில் கிடைக்கும் இலவச படிப்பு 8-ம் வகுப்பு வரைக்கும்தான். சேர்க்கும்போது இதை பல பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. குலுக்கலில் பெயர் வந்த சந்தோஷத்தில் அவர்களும் கேட்பதில்லை.

தமிழகத்தில் 2013-14 கல்வி ஆண்டில் எல்.கே.ஜி.யில் இப்படி சேர்ந்த குழந்தைகள் 2023-ம் ஆண்டு ஜூனில் 9-ம் வகுப்புக்கு வந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் ஒரு கூட்டம் இந்த வாசலில் வந்து நிற்கிறது.

இந்த சட்டம் யாருக்கு, எதுவரைக்கும், எதை தருகிறது? 2025-ல் அட்மிஷன் ஏன் நின்றுபோனது? 8-ம் வகுப்பு முடித்த பிள்ளையை என்ன செய்வது? இதுகுறித்த விவரம் வருமாறு:-

சட்டம் வந்த கதை

பிள்ளைகளுக்கு கட்டாய இலவச கல்வி கொடுக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1911-ல், கோபால கிருஷ்ண கோகலே மசோதா கொண்டு வந்தார். அது தோற்றுப்போனது. சுதந்திரத்துக்கு பிறகு அரசியல் சட்டத்தில் 14 வயது வரை இலவச கல்வி என்று எழுதினார்கள். ஆனால் அது அரசுக்கு சொல்லப்பட்ட ஒரு வழிகாட்டுதலாக மட்டுமே இருந்தது. கோர்ட்டுக்கு போய் கேட்க முடியாது.

2002-ல் அரசியல் சட்டத்தின் 86-வது திருத்தம் வந்தது. 6 முதல் 14 வயது வரை கல்வி என்பது அடிப்படை உரிமை ஆனது. அதை நடைமுறைப்படுத்த 2009-ம் ஆண்டு ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றியதுதான் இலவச கட்டாய கல்வி உரிமை சட்டம். ஆபீஸ்களில் இதை 'ஆர்.டி.இ.' என்பார்கள். 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது.

அரசு பள்ளிகளில் 30 பிள்ளைக்கு ஒரு வாத்தியார், கழிப்பறை, குடிதண்ணீர், அடிக்கக்கூடாது, 8-ம் வகுப்பு வரை பெயிலாக்கக்கூடாது என்று பல விஷயங்கள் இந்த சட்டத்தில் இருந்தாலும், ஊரெல்லாம் பேசப்பட்டது ஒரே ஒரு பிரிவுதான். அது 12-வது பிரிவு.

அரசிடம் உதவி வாங்காத தனியார் பள்ளியும் தனது முதல் வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடத்தை அக்கம்பக்கத்து ஏழை, பின்தங்கிய குடும்பத்து குழந்தைகளுக்கு கொடுத்தாக வேண்டும் என்பது அந்த பிரிவு. எல்.கே.ஜி. இருந்தால் எல்.கே.ஜி.யிலேயே கொடுக்க வேண்டும். எல்.கே.ஜி.யில் 40 சீட்டு என்றால் 10 சீட்டு இவர்களுக்கு.

"எங்க பள்ளிக்கூடம், எங்க காசு, யாரை சேர்க்கணும்னு அரசாங்கம் எப்படி சொல்லலாம்?" என்று தனியார் பள்ளிகள் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 2012-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆகவே இந்த சீட்டு பள்ளி நிர்வாகம் இரக்கப்பட்டு கொடுக்கிற தர்மம் அல்ல. கை கட்டி நின்று வாங்க வேண்டியதும் இல்லை.

தமிழகத்தில் ஏறத்தாழ 8 ஆயிரம் தனியார் பள்ளிகளில் ஆண்டுக்கு 80 ஆயிரத்துக்கும் அதிகமான இடங்கள் இந்த கணக்கில் வருகின்றன.

யாருக்கு கிடைக்கும்?

இதில்தான் குழப்பம் அதிகம். "வருமானம் 2 லட்சத்தை தாண்டினா சீட்டு கிடையாதாமே" என்று கேள்விப்பட்டு, விண்ணப்பமே போடாமல் விட்டவர்கள் நிறைய பேர்.

மாதம் ரூ.16 ஆயிரத்து 700 வந்தாலே வருஷத்துக்கு ரூ.2 லட்சம் தாண்டிவிடும். புருஷன் டைலர், பொண்டாட்டி செக்கிங் என்று இரண்டு பேரும் வேலைக்கு போகிற வீட்டில் அந்த கணக்கு சுலபமாக தாண்டும். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போக கையில் நிற்பது என்ன என்பது வேறு விஷயம்.

ஆனால் தமிழகத்தில் இரண்டு பிரிவு இருக்கிறது. ஒன்று, 'நலிவடைந்த பிரிவினர்'. இவர்களுக்குத்தான் ஆண்டு வருமானம் ரூ.2 லட்சத்துக்கு கீழே இருக்க வேண்டும். எந்த ஜாதியாக இருந்தாலும் இதில் வரலாம்.

இன்னொன்று, 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்'. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் எல்லாம் இதில் அடக்கம். இவர்களுக்கு இந்த 2 லட்சம் வரம்பு கிடையாது. ஜாதி சான்றிதழ் போதும். தொழிலாளர் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானோர் இந்த இரண்டாவது பிரிவில் வருகிறவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆதரவற்ற குழந்தை, எச்.ஐ.வி. பாதித்த குடும்பத்து குழந்தை, திருநங்கையர், துப்புரவு தொழிலாளியின் பிள்ளை, மாற்றுத்திறனாளி குழந்தை ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. இவர்கள் குலுக்கலுக்கு நிற்க வேண்டியதில்லை.

வயசு கணக்கு கறார். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31-ந் தேதி அன்று 3 வயது நிறைந்து, 4 வயதை தொடாமல் இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பு என்றால் 5 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகஸ்டு 2-ந் தேதி பிறந்த பிள்ளை அடுத்த வருஷம்தான். இதில் யார் சிபாரிசும் செல்லாது.

பிறப்பு சான்றிதழ் இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். வயதுக்கு சான்று இல்லை என்று சொல்லி எந்த பள்ளியும் பிள்ளையை திருப்பி அனுப்பக்கூடாது என்று சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. ஆஸ்பத்திரி பதிவு, அங்கன்வாடி பதிவு இருந்தாலும் ஏற்கலாம்.

அட்ரஸ் தகராறு

திருப்பூர் மாதிரி ஊரில் பெரிய முட்டுக்கட்டை இதுதான். பள்ளிக்கும் வீட்டுக்கும் 1 கி.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

15 வேலம்பாளையத்திலும் அனுப்பர்பாளையத்திலும் லைன் வீட்டில் குடியிருப்பவர்களின் ஆதார் கார்டை வாங்கி பார்த்தால் தேனி, மதுரை, திண்டுக்கல் என்று சொந்த ஊர் அட்ரஸ் இருக்கும். ரேஷன் கார்டும் அங்கேயே இருக்கும். "பொங்கலுக்கும் கோவில் நோம்பிக்கும்தானே ஊருக்கு போறோம், மாத்தி என்ன ஆகப்போகுது" என்று விட்டிருப்பார்கள். பத்து வருஷமாக இங்கேயே குடியிருந்தாலும், விண்ணப்பம் போடும்போது கம்ப்யூட்டருக்கு அவர்கள் தேனிக்காரர்கள்தான்.

விண்ணப்பம் இணையதளத்தில்தான் போட வேண்டும். செல்போனில் போடலாம், இ-சேவை மையத்தில் போடலாம், வட்டார கல்வி அலுவலகத்துக்கு போனால் அங்கே காசில்லாமல் போட்டுத் தருவார்கள். வழக்கமாக ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதம் வரை நேரம் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் ஓடிப்போய் அட்ரஸ் மாற்ற நினைத்தால் நடக்காது. ஜாதி சான்றுக்கும் வருமான சான்றுக்கும் தாலுகா ஆபீசில் அதே நேரத்தில் கூட்டம் அள்ளும்.

ஆகவே பிள்ளைக்கு 2 வயது முடிந்ததுமே குடியிருக்கும் வீட்டு அட்ரசுக்கு ஆதாரையும் ரேஷன் கார்டையும் மாற்றி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல், வீடு மாறினால் கதை மறுபடி முதலில் இருந்து. அதற்கு சட்டத்தில் மருந்து இல்லை.

அதேபோல், கிறிஸ்தவ நிர்வாகத்தின் கீழ் வரும் கான்வென்ட் பள்ளிக்கு ஆசைப்பட்டு, பட்டியலில் அந்த பெயரையே காணோம் என்று தேடுகிறவர்களும் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த சட்டம் பொருந்தாது என்று 2014-ம் ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அந்த தீர்ப்பு சரிதானா என்ற சந்தேகத்தை அதே கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் 2025-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பி வைத்தனர்.

குலுக்கல்

இடத்தை விட விண்ணப்பம் அதிகம் வந்தால் குலுக்கல். பள்ளி வளாகத்திலேயே, பெற்றோர் முன்னிலையில், கல்வித்துறை ஆள் ஒருவர் இருக்க நடத்த வேண்டும். பெயர் எழுதிய சீட்டை டப்பாவில் போட்டு எடுப்பார்கள். அன்றைக்கு அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று பெற்றோர் நேரில் போய் நிற்பது நல்லது.

விண்ணப்பத்தை தள்ளுபடி செய்தால், என்ன காரணம் என்று எழுதி பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். வாயால் "உங்களுக்கு வரலைங்க" என்று சொல்லி அனுப்புவது கணக்கில் சேராது.

பிள்ளையை உட்கார வைத்து ஏ, பி, சி, டி கேட்பது, அப்பா-அம்மா என்ன படித்திருக்கிறார்கள் என்று இன்டர்வியூ வைப்பது, இதெல்லாம் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு ரூ.25 ஆயிரம் வரை, அடுத்தடுத்த தடவைக்கு ரூ.50 ஆயிரம் வரை அபராதம். நன்கொடை வாங்கினால், வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் போடலாம். இது 25 சதவீத சீட்டுக்கு மட்டும் அல்ல, மொத்த அட்மிஷனுக்கும்தான். ஊரில் நடப்பது என்ன என்பது பெற்றோருக்கே தெரியும்.

புக் பீஸ், யூனிபார்ம் பீஸ்...

சீட்டு கிடைத்த பிறகு வருவது அடுத்த தலைவலி. "பீஸ் இல்லைதான். ஆனா புக்கு, நோட்டு, யூனிபார்ம், ஷூ, டை, பெல்ட்டு, ஸ்மார்ட் கிளாஸ்..." என்று ஒரு சீட்டை நீட்டுவார்கள். கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும்.

சட்டத்தின் 3-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், பிள்ளை 8-ம் வகுப்பு வரை படித்து முடிப்பதற்கு தடையாக இருக்கக்கூடிய எந்தவிதமான கட்டணமும் செலவும் அந்த பிள்ளையின் தலையில் விழக்கூடாது.

இதை வைத்து ஒரு வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்கு போனது. ஆர்.டி.இ.யில் சேர்ந்த பிள்ளைக்கு பாடப்புத்தகம், சீருடை உள்பட எல்லா செலவும் அரசின் பொறுப்பு, பெற்றோரிடம் வாங்கக்கூடாது என்று 2023-ல் ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

பள்ளிகள் தரப்பில் ஒரு நியாயம் சொல்கிறார்கள். அதையும் பார்க்க வேண்டும். 25 சதவீத பிள்ளைகளுக்கான பணத்தை அரசு பள்ளிகளுக்கு திருப்பித் தர வேண்டும். ஆனால் பள்ளி கேட்கும் தொகையை அப்படியே தராது. ஒரு பிள்ளைக்கு அரசு செலவழிக்கும் தொகை, அந்த பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைத்தான் தரும்.

உதாரணத்துக்கு பள்ளியின் கட்டணம் ரூ.20 ஆயிரம், அரசு கணக்கு ரூ.12 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் பள்ளிக்கு கிடைப்பது ரூ.12 ஆயிரம். மீதி 8 ஆயிரம் பள்ளிக்கு நஷ்டம். அந்த 12 ஆயிரமும் அதே வருஷம் வராது, இழுத்துக்கொண்டே போகும் என்பது பள்ளிக்காரர்களின் புலம்பல்.

நியாயமான புலம்பல்தான். ஆனால் அந்த 8 ஆயிரத்தை பிள்ளையின் அப்பாவிடம் 'ஸ்மார்ட் கிளாஸ் பீஸ்' என்ற பெயரில் வாங்குவதற்கு சட்டத்தில் இடம் இல்லை. பீஸ் தகராறை அரசோடுதான் பேசித் தீர்க்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எழுப்பி நிற்க வைத்து கேட்பது மன உளைச்சல் கொடுக்கும் செயல். சட்டத்தின் 17-வது பிரிவு அதையும் தடுக்கிறது.

காசு கட்டச் சொன்னால் முதலில் ரசீது கேளுங்கள். எதற்காக என்று எழுதி கையெழுத்து போட்டு தரச் சொல்லுங்கள். ரசீது என்றதுமே பாதி இடத்தில் பேச்சு மாறிவிடும்.

2025-ல் நின்றுபோன அட்மிஷன்

2025-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதம் வந்தது. விண்ணப்ப இணையதளம் திறக்கவே இல்லை. "இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்" என்று இ-சேவை மையத்துக்கு நடையாய் நடந்தவர்கள் ஜூனில் வேறு வழியில்லாமல் நகையை அடகு வைத்தும் கைமாத்து வாங்கியும் பீஸ் கட்டி பிள்ளையை சேர்த்தார்கள்.

காரணம் டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்த சண்டை. பள்ளிக்கல்விக்கு 'சமக்ர சிக்ஷா' என்ற திட்டத்தில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் என்று செலவை பகிர்ந்துகொள்ளும். ஆர்.டி.இ. பணமும் இதில் இருந்துதான் வரும். தேசிய கல்விக் கொள்கையை பின்பற்றும் 'பி.எம்.ஸ்ரீ' பள்ளி திட்டத்தில் தமிழக அரசு கையெழுத்து போடவில்லை. மும்மொழி வந்துவிடும் என்பது தமிழக அரசின் வாதம். கையெழுத்து போடாததால் 2024-25-ம் ஆண்டுக்கான ரூ.2 ஆயிரத்து 152 கோடியை மத்திய அரசு தரவில்லை.

இரண்டு யானை சண்டையில் சிக்கியது எல்.கே.ஜி. பிள்ளைகள்.

கோவையை சேர்ந்த ஒரு அமைப்பு போட்ட வழக்கில் 2025-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு தீர்ப்பு சொன்னது. கல்வி உரிமை சட்டத்துக்கான பணத்தை தேசிய கல்விக் கொள்கையோடு முடிச்சு போட வேண்டியதில்லை என்று மத்திய அரசுக்கு சொன்னது. டெல்லியில் இருந்து பணம் வரவில்லை என்று காரணம் சொல்லி கை கழுவ முடியாது, தனியார் பள்ளிகளுக்கு பணம் கொடுப்பது மாநிலத்தின் பொறுப்பு என்று தமிழக அரசுக்கும் சொன்னது.

அதன் பிறகும் விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய், பணத்தில் ஒரு பகுதியை மத்திய அரசு விடுவித்தது. 2025 அக்டோபரில்தான் தமிழக அரசு அட்மிஷன் வேலையை தொடங்கியது. அதுவும் எப்படி? ஏற்கனவே பள்ளியில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் தகுதி உள்ளவர்களை 25 சதவீதத்துக்குள் கொண்டு வந்து, கட்டிய பீசை திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவு.

ஆக, ஜூனில் கையில் காசு இருந்து சேர்த்தவர்களுக்கு அக்டோபரில் பலன் வந்தது. ஜூனில் காசே புரட்ட முடியாமல் தனியார் பள்ளி வாசலை மிதிக்காதவர்களுக்கு அந்த வருஷம் ஒன்றும் இல்லை. யாருக்காக சட்டம் வந்ததோ அவர்களே வெளியே நின்றார்கள்.

அரசு பள்ளிக்கு என்ன ஆச்சு?

இந்த 25 சதவீத திட்டத்தை பற்றி ஆசிரியர் சங்கங்களும் கல்வியாளர்களும் ஒரு குறை சொல்கிறார்கள். அரசு பணத்தை தனியாருக்கு கொடுத்து, அரசு பள்ளியில் சேர வேண்டிய பிள்ளையையும் அங்கே அனுப்பினால் அரசு பள்ளி காலியாகாதா என்பது அவர்கள் கேள்வி. பிள்ளைகள் குறைந்தால் வாத்தியார் குறைவார், வாத்தியார் குறைந்தால் பிள்ளைகள் இன்னும் குறைவார்கள். தெருவுக்கு பக்கத்தில் இருக்கிற தொடக்கப்பள்ளியில் தலையை எண்ணினாலே இந்த பயம் வெறும் பயம் இல்லை என்பது தெரியும்.

இன்னொரு பக்கம், அதே சட்டம் அரசு பள்ளிக்கு கொடுத்த ஒரு ஆயுதத்தை பெற்றோர் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் முக்கால்வாசி பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதி பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழகத்தில் 2022-ல் 20 பேர் கொண்ட குழுக்களாக இவற்றை திருத்தி அமைத்தார்கள். வாத்தியார் இல்லை, பாத்ரூம் இல்லை என்று தீர்மானம் போட்டு மேலே அனுப்ப இந்த குழுவுக்கு அதிகாரம் உண்டு. "கையெழுத்து போட கூப்பிட்டாங்க, போட்டுட்டு வந்தேன்" என்று வருகிற குழுவால் பிரயோஜனம் இல்லை.

'ஆல் பாஸ்' விஷயமும் இந்த சட்டத்தில் வந்ததுதான். 2019-ல் சட்டத்தை திருத்தி, 5, 8-ம் வகுப்பில் பரீட்சை வைத்து பெயிலாக்கலாம், அது மாநிலத்தின் இஷ்டம் என்றார்கள். தமிழக அரசு அந்த வருஷம் பொதுத்தேர்வு என்று அறிவித்தது, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் ரத்து செய்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசு கேந்திரிய வித்யாலயா போன்ற தனது பள்ளிகளில் பெயிலாக்கும் முறையை கொண்டு வந்தபோதும், 8-ம் வகுப்பு வரை ஆல் பாஸ் தொடரும் என்று தமிழக அரசு சொன்னது.

9-ம் வகுப்பில் எங்கே போவது?

மறுபடி முதல் கேள்விக்கு வருவோம். பிள்ளை 8-ம் வகுப்பு முடித்துவிட்டது. தனியார் பள்ளியில் தொடர்ந்தால் 9-ம் வகுப்பில் இருந்து முழு பீஸ். 10-ம் வகுப்பு, பிளஸ்-1, பிளஸ்-2 என்று நான்கு வருஷம் கட்ட வேண்டும்.

"இவ்வளவு நாள் இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச பிள்ளை, கவர்மெண்ட் ஸ்கூல்ல போய் உட்காருமா? பிரெண்ட்சை விட்டு வருமா?" என்று அம்மாக்கள் தவிப்பது வாஸ்தவம்தான். வட்டிக்கு வாங்கியாவது இங்கேயே படிக்கட்டும் என்று முடிவு எடுக்கிறவர்கள் அதிகம். அந்த முடிவு எடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். இது பல பேருக்கு தெரியாது.

மருத்துவ படிப்பில் அரசு பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் இதில் ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். ஆர்.டி.இ. சீட்டில் 8-ம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்த பிள்ளை, 9 முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்தால் அதற்கும் இந்த ஒதுக்கீடு உண்டு.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும் இதே சலுகைதான். கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு மாதம் ரூ.1,000 தரும் அந்த திட்டத்தில், ஆர்.டி.இ.யில் படித்துவிட்டு 9-ம் வகுப்பில் அரசு பள்ளிக்கு வந்த மாணவிகளும் சேர்க்கப்பட்டுள்ளனர்.

அதாவது 9-ம் வகுப்பில் அரசு பள்ளிக்கு மாறினால் இந்த கதவுகள் திறந்திருக்கும். ஒரே ஒரு வருஷம், 9-ம் வகுப்பை மட்டும் தனியாரில் படித்துவிட்டு, முடியவில்லை என்று 10-ம் வகுப்பில் அரசு பள்ளிக்கு வந்தால் கதவு சாத்தப்பட்டுவிடும். கடன் வாங்கி ஒரு வருஷம் சமாளித்துவிட்டு பிறகு மாற்றலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். பீஸ் கட்டிய காசும் போய், ஒதுக்கீடும் போய்விடும்.

அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்த்தாலும் மருத்துவ 7.5 சதவீதம் கிடைக்காது. அது அரசு பள்ளிக்கு மட்டும்தான். சில உதவி பெறும் பள்ளிகளின் பெயரை கேட்டால் அரசு பள்ளி மாதிரியே இருக்கும். விசாரித்துவிட்டு சேர்க்க வேண்டும். இங்கிலீஷ் மீடியம் வேண்டும் என்றால் அரசு மேல்நிலைப்பள்ளிகள் பலவற்றில் ஆங்கில வழி வகுப்பு இருக்கிறது. 9-ம் வகுப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

பள்ளியை விட்டு வரும்போது, பிள்ளை ஆர்.டி.இ. 25 சதவீத ஒதுக்கீட்டில் படித்ததற்கான சான்றை தலைமை ஆசிரியரிடம் கையெழுத்தும் சீலும் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நான்கு வருஷம் கழித்து கவுன்சலிங் நேரத்தில் அலைவதை விட இப்போதே வாங்கி ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்துவிடலாம். அட்மிஷன் கிடைத்தபோது செல்போனுக்கு வந்த மெசேஜ், விண்ணப்ப நகல் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

டி.சி. தர மறுத்தால்?

"பழைய வேன் பீஸ் பாக்கி இருக்கு, கட்டிட்டு டி.சி. வாங்கிக்கோங்க" என்று சில இடங்களில் இழுத்தடிப்பார்கள்.

டி.சி. என்பது பீஸ் வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024-ம் ஆண்டு ஜூலை மாதம் சென்னை ஐகோர்ட்டு சொல்லிவிட்டது. பீஸ் பாக்கி என்று டி.சி.யில் எழுதுவதும் கூடாது, பிள்ளையை சேர்க்கும்போது டி.சி. கொடுத்தே ஆக வேண்டும் என்று புதிய பள்ளி வற்புறுத்தவும் கூடாது என்று அந்த தீர்ப்பில் உள்ளது. பாக்கி இருந்தால் அதை வசூலிக்க பள்ளிக்கு வேறு வழி இருக்கிறது.

ஆகவே டி.சி. வரட்டும் என்று ஜூலை வரை பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காமல், பக்கத்து அரசு பள்ளி தலைமை ஆசிரியரிடம் நேரில் போய் பேச வேண்டும். அங்கேயும் இழுத்தால் மாவட்ட கல்வி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்து, மனு வாங்கியதற்கு சீல் போட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. லீவு போட முடியாத தொழிலாளர்கள் டீ டைமில் கூட இந்த எண்ணில் கூப்பிட்டு விவரம் கேட்டுக்கொள்ளலாம்.